வேலை கொடுக்கப் பணம் கேட்பவன் யார்?

(திண்டுக்கல்லில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சென்ற மாதம் வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் வேலை செய்யும் ஒரு தங்கை நம் சங்க ஆபீசுக்கு வந்தாள். செல்போனை நீட்டினாள். "அண்ணே, இதுல எண்பதாயிரம் இருக்கு. எடுக்கத்தான் முடியல" என்றாள்.

நடந்தது இதுதான். வாட்ஸ்அப்பில் ஒரு சேதி: வீட்டிலிருந்தே வேலை, ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போட்டால் போதும். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே பாங்கிக் கணக்கில் விழுந்தது. பிறகு டெலிகிராம் குழுவில் சேர்த்தார்கள். அங்கே ஆளுக்கு ஆள் "எனக்குப் பணம் வந்தது" என்று படம் போடுகிறார்கள். அத்தனை பேரும் அவன் ஆட்கள்! 1000 கட்டினாள், 1300 வந்தது. நம்பி 5000 கட்டினாள், 20,000 கட்டினாள். செல்போனில் கணக்கு மட்டும் ஏறியது. எடுக்கப் போனால், "வரி 16,000 கட்டு" என்றான். தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. ஆக 41,000 ரூபாய் ஒழிந்தது.

"பேராசைதானே?" என்று அங்கே ஒருவர் முணுமுணுக்கிறார். இல்லை ஐயா! ஷிப்டு முழுக்க நின்றும் கூலி வீட்டுக்குப் போதவில்லை. ராத்திரி கண் விழித்தாவது சம்பாதிக்க நினைத்தாள். அது குற்றமா?

இந்தச் சூது நம் ஜில்லாவுக்குப் புதிதுமல்ல. சுமங்கலித் திட்டம் மறந்துவிட்டதா? மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று சொல்லி நம் பெண் பிள்ளைகளை மில்லுக்குள் சேர்த்தார்கள். உடம்புக்கு முடியாமல் இடையில் வெளியேறிய எத்தனையோ பேருக்கு அது கிடைக்கவில்லை. அன்று மில் கணக்கில் தெரிந்த பணம் இன்று செல்போனில் தெரிகிறது.

மறுமுனையில் இருப்பவனும் சில சமயம் நம் பிள்ளைதான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போகப்பட்ட தமிழ் இளைஞர்களை, மியான்மரில் மியாவாடி என்ற இடத்தில் அடைத்து, அடித்து, மோசடி செய்ய வைத்தார்கள். அவர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னைக்கு மீண்டு வந்தார்கள்.

ஏமாந்தால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் கை மாறுவதற்குள் சொன்னால் கணக்கை முடக்க வழியுண்டு. இந்தத் தங்கை வீட்டுக்குப் பயந்து பதினோரு நாள் வாய் திறக்கவில்லை. அதற்குள் பணம் பல கணக்கு தாண்டிவிட்டது.

இன்னொன்று. "உன் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடு, மாதம் ஒரு தொகை தருகிறேன்" என்று எவனாவது வந்தால் விரட்டுங்கள். திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் உங்கள் வாசலுக்கு வரும்.

புகார் கொடுத்திருக்கிறோம். அடகுச் சீட்டு இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஷிப்டு விட்டதும் மில் கேட்டில் அவளே இதைப் பேசுகிறாள். நானும் போகிறேன்.