சித்தூர் நாகையா



அரியக்குடி, செம்மங்குடி என்று சங்கீத உலகில் ஊர்ப்பெயரே வித்துவானின் பெயராக நிலைத்துவிடுவதை நாம் அறிவோம். திரையுலகில் அவ்வாறு நம் ஊரின் பெயரைத் தாங்கியவர் சித்தூர் வி. நாகையா அவர்கள். ஆனால் அவர் பிறந்தது சித்தூரில் அன்று. 1904ஆம் ஆண்டு, குண்டூர்ப் பக்கத்து ரேபல்லெயில். சித்தூர் ராம விலாஸ சபையின் நாடக மேடையில் நடித்தும் பாடியும் புகழ் பெற்றமையால், வாழ வந்த ஊரே அவருக்குப் பெயராயிற்று. சொந்த ஊர் வேறாக, திருப்பதியிலும் சித்தூரிலும் குடியிருக்கும் நமக்கு இது சிந்தைக்கு இனிய செய்தியன்றோ! (திருப்பதி தனி மாவட்டமானது 2022இல்தான், அதுவரை சித்தூர் மாவட்டமே.)

நடிகராவதற்கு முன் அவர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். குமாஸ்தா என்றதும் நம்மில் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது! 1938இல் 'கிருஹலக்ஷ்மி' படத்தின் மூலம் திரைக்கு வந்தார். 'வந்தேமாதரம்', 'பக்த போதனா', 'யோகி வேமனா' ஆகிய தெலுங்குப் படங்கள் அவரைப் பெருநடிகராக்கின. 1946இல் வெளியான 'தியாகய்யா'வை அவரே இயக்கி, தியாகராஜ சுவாமிகளாகவும் நடித்தார். பக்தராக நடித்த அவரை மக்கள் பக்தராகவே கண்டனர்.

தமிழுக்கு அவர் அளித்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1941இல் 'அசோக் குமார்'. குணாளனாக எம். கே. தியாகராஜ பாகவதர்; தந்தை அசோகனாக நாகையா. பாகவதரைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர், தந்தையாகவே நம்பும்படி நடித்தார். 1945இல் 'மீரா'. எம். எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையார் மீராவாகத் தோன்ற, இவர் மேவார் ராணா. ராணாவைக் கொடியவனாகக் காட்டிவிடுவது எளிது. மனைவியை நேசித்தும் அவளுடைய பக்தியை எட்டிப் பிடிக்க இயலாமல் தவிக்கும் கணவனை நாகையா காட்டினார். சினமும் அன்பும் ஒரே முகத்தில் மாறி மாறி வரும். எமக்கு அவருடைய தமிழ்ப் பாத்திரங்களில் இதுவே தலையாயது. 1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தில், பிறர் குழந்தையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் இஸ்மாயிலாக வந்ததையும் மறத்தற்கில்லை.

பெரும்பொருள் ஈட்டினார். கேட்டவர்க்கெல்லாம் வழங்கினார். சொந்தப் படங்களிலும் பொருளை இழந்தார். 1965இல் பத்மஸ்ரீ விருது வந்தது. செல்வம் திரும்பி வரவில்லை. கதாநாயகராய் விளங்கியவர் பிற்காலத்தில் சிறு வேடங்களை ஏற்றார். அவற்றையும் குறைவின்றி நடித்தார். 1973 டிசம்பர் 30ஆம் நாள் மறைந்தார்.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசுகின்றனர். நாகையாவோ இரு மொழியிலும் நடித்தவர். விழாக் குழுவினர் இசைந்தால், வரும் ஆண்டில் 'மீரா'வை நம் மன்றத்தில் திரையிடலாம். அண்டை வீட்டுத் தெலுங்குக் குடும்பங்களையும் அழைப்போம். அவர்களுக்கும் அவர் சித்தூர் நாகையாதான்.