மழுங்கின கத்திதான் கையை வெட்டும்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் சமையல் குழு சார்பில் பேசியது)



"இந்த மாசம் உங்க குழுதான் ஏதாவது உபயோகமா பேசணும்" என்று சொன்னபோது, கத்தி தீட்டுறதைப் பத்திப் பேசுறோம் என்றோம். சிலர் சிரித்தார்கள். "கடன், மானியம், சந்தைன்னு எவ்வளவோ இருக்க, கத்தியா?" என்று கேட்டார்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம். அதன் பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நாங்கள் 12 பேர். விசேஷ வீடுகளுக்கும் பயிற்சிக் கூட்டங்களுக்கும் சமைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். 300 பேருக்குச் சாப்பாடு என்றால் வெங்காயம் மட்டுமே 20 கிலோ வரும். விடிகாலை மூன்று மணிக்கு நறுக்க உட்காருவோம். தூக்கக் கலக்கம், அவசரம், குறைந்த வெளிச்சம் எல்லாம் இருக்கும்.

போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில் தக்காளி நறுக்கிக்கொண்டு இருந்த எங்கள் அக்கா ஒருத்தருக்குக் கத்தி வழுக்கி, இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. நாலு தையல். கையில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முகூர்த்த மாதம் அது. இரண்டு வாரம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. எங்கள் குழுவில் வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் பங்கு. அந்த மாதக் கடன் தவணையைக் கட்ட அவர் காதுத் தோட்டை அடகு வைத்தார்.

அந்த வாரக் கூட்டத்தில் நாங்கள் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதினோம் தெரியுமா? "உறுப்பினரின் கவனக்குறைவால் காயம் ஏற்பட்டது. இனி அனைவரும் கவனமாக வேலை செய்ய வேண்டும்." கட்டுப் போட்ட கையோடு அந்த அக்காவும் அதில் கையெழுத்துப் போட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்த வேலைக்கு அதே கத்தி இன்னொருவர் கைக்கு வந்தது. "இது வெட்டவே மாட்டேங்குது, அமுக்கி அமுக்கித் தோள்பட்டை வலிக்குது" என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எல்லாக் கத்தியையும் கொண்டுவரச் சொல்லி, பழைய நோட்டுத் தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தோம். 9 கத்தியில் 2 தான் தாளை வெட்டியது. மற்ற 7 கத்தியும் தாளைக் கிழித்தது, இல்லாவிட்டால் மடித்தது.

கூர்மையான கத்திதான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். நல்ல கத்தி, வைத்த இடத்தில் இறங்கும். மழுங்கின கத்தி இறங்காது. அதனால் நாம் பலத்தைக் கூட்டுகிறோம். தக்காளித் தோல், வெங்காயத்தின் மேல் தோல், கத்தரிக்காய் இதெல்லாம் வழுக்கும். கத்தி சறுக்கினால் அந்த முழுப் பலமும் பக்கத்தில் இருக்கிற விரல் மேல்தான் போகும். காயும் நசுங்குகிறது, வெங்காயச் சாறு தெறித்துக் கண்ணும் கூடுதலாக எரிகிறது.

முன்பெல்லாம் எப்படித் தீட்டினோம்?

வாசல் படிக்கல், அம்மியின் ஓரம், துணி துவைக்கிற கல், சிமெண்டுத் திண்ணை என்று எது கிடைத்ததோ அதில் நாலு தேய் தேய்ப்போம். கருங்கல்லில் மணி மணியாகப் பெரிசும் சிறிசும் இருக்கும். அதில் தேய்த்தால் கத்தியின் வாயில் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறு ஒரு வேளைக்கு வெட்டும், அப்புறம் மடங்கிவிடும்.

சாணை பிடிக்கிறவர் தெருவுக்கு வந்தால் அவரிடம் கொடுப்போம். வாய் உடைந்த கத்தி, பொக்கை விழுந்த அரிவாள் இதற்கெல்லாம் இன்றைக்கும் அவர்தான் வேண்டும். ஆனால் சக்கரம் வேகமாகச் சுற்றும்போது சூடு ஏறும். கத்தியின் ஓரம் நீலம் பூத்தால் அந்த இடத்தில் இரும்பின் உறுதி போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அதனால் நிதானமாக, தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அவரும் மாதக் கணக்கில் வராமல் இருப்பார். நமக்கோ கத்தி தினமும் வேண்டும். அதற்குத்தான் கையடக்கமான செராமிக் கல்.

செராமிக் கல் என்றால் என்ன?

பீங்கான் போலச் சுட்டு எடுத்த கல். அதில் இருப்பது பெரும்பாலும் அலுமினா என்ற பொருள். அலுமினாத் தூளை அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில் சுட்டுச் செய்கிறார்கள். மாணிக்கமும் நீலக்கல்லும் அடிப்படையில் இதே அலுமினாதான். கடினத்தை 1 முதல் 10 வரை அளப்பார்கள். வைரத்துக்கு 10, அலுமினாவுக்கு 9. சமையல் கத்தியின் இரும்பு 6-ஐ ஒட்டித்தான் வரும். அதனால்தான் இந்தக் கல் இரும்பைத் தேய்க்கிறது.

இதற்கு எண்ணெய் வேண்டாம், தண்ணீரில் ஊறப்போடவும் வேண்டாம், அப்படியே தேய்க்கலாம். சீக்கிரத்தில் குழி விழாது. பையில் போட்டுச் சமையல் நடக்கிற இடத்துக்கே கொண்டுபோகலாம். குறையும் இரண்டு உண்டு. கீழே போட்டால் உடையும். நைசான கல் மெதுவாகத்தான் தேய்க்கும் என்பதால் ரொம்ப மழுங்கிப்போன கத்தியை இது ஒன்றை வைத்தே சரிசெய்ய முடியாது. அதற்கு முதலில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற கார்போரண்டம் கல், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசும் உள்ளது, வேண்டும். அதில் தண்ணீரோ எண்ணெயோ விட்டுத் தீட்ட வேண்டும். குழுவுக்குப் பொதுவாக அது ஒன்று போதும். சின்ன செராமிக் கல் ஆளுக்கு ஒன்று இருந்தால் நல்லது.

வாங்குவதற்கு முன் காசு செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். வீட்டில் உள்ள பீங்கான் கப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும். அதில் கத்தியைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தால் கூர் வரும். நாங்கள் கை பழகினது அதில்தான்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

1. நீளம். உள்ளங்கை நீளமாவது, அதாவது 10 சென்டிமீட்டராவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் கத்தி கல்லை விட்டு இறங்கி விரலுக்கு வரும்.

2. எண். கல்லில் போட்டிருக்கும் எண் சிறிதாக இருந்தால் சொரசொரப்பு, பெரிதாக இருந்தால் நைசு. 200, 300 என்பது மழுங்கினதைச் சரிசெய்ய. 800, 1000 என்பது கூரைக் காப்பாற்ற. எல்லாக் கம்பெனிக்கும் இந்த எண் ஒரே மாதிரி இருக்காது. அதனால் நகத்தால் வருடியும் பாருங்கள்.

3. விரிசல். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போம் இல்லையா, அதே மாதிரி விரல் நுனியில் தொங்கவிட்டு லேசாகத் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

4. சமதளம். ஸ்டீல் ஸ்கேலை மேலே வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் கல் நேராக இல்லை.

5. உறை. கடையில் தராவிட்டால் பழைய ஜீன்ஸ் துணியில் நீங்களே தைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. 'செராமிக் கத்தி' என்று வெள்ளையாக ஒன்று விற்கிறார்கள். அது வேறு. அந்தக் கத்தியை இந்தக் கல்லில் தீட்ட முடியாது.

தீட்டும் முறை

ஈரத் துணியை மடித்துப் போட்டு அதன் மேல் கல்லை வையுங்கள், நகராது. கத்தியைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே சாய்வில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி அளவு போதும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கத்தியைக் கல்லின் மேல் நேராக நிமிர்த்துங்கள். அதில் பாதி சாயுங்கள். அதிலும் பாதி சாயுங்கள். கிட்டத்தட்ட அதுதான். மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தி என்றால் அதன் முதுகு கல்லில் இருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய சுண்டு விரல் நுனி நுழைகிற அளவு இடைவெளியில் இருக்கும். அளவு தெரிந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும்.

கல்லின் மேல் இருந்து மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பது போல, வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள். தள்ளும்போதே பக்கவாட்டில் இழுத்து, பிடிப்பக்கம் தொடங்கி நுனி வரைக்கும் ஒரே இழுப்பில் கொண்டுபோங்கள். அமுக்க வேண்டாம். கத்தியின் கனத்தோடு கொஞ்சம் கை கனம் போதும். வேகமும் வேண்டாம். சாய்வு மாறாமல் இருந்தால் போதும்.

சாய்வு சரியா என்று தெரிய, கத்தி வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, இரண்டு தடவை தேய்த்துப் பாருங்கள். மை நுனி வரை அழிந்திருந்தால் சரி. மேல் ஓரம் மட்டும் அழிந்தால் கத்தி அதிகமாகப் படுத்திருக்கிறது. நுனி மட்டும் அழிந்தால் அதிகமாக நிமிர்ந்திருக்கிறது.

ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். கட்டை விரலைக் கத்தியின் முதுகில் இருந்து வாயைத் தாண்டி வெளியே போகிற மாதிரி வருடினால் தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. பிசிறு முழு நீளத்துக்கும் வந்த பிறகு மறுபக்கம் தேயுங்கள். கடைசியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ரொம்ப லேசாக ஐந்தாறு முறை தேய்த்தால் பிசிறு போய்விடும். தாளை வெட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் தக்காளி மேல் அமுக்காமல் இழுத்துப் பாருங்கள். தோலில் உடனே இறங்க வேண்டும்.

ஒரு தடவை நல்ல கூர் வந்துவிட்டால், அப்புறம் வேலைக்கு முன்னால் பக்கத்துக்கு ஐந்து இழுப்பு போதும். முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைக்காமல் காயில் வைக்காதீர்கள். இரும்புத் தூள் ஒட்டியிருக்கும்.

கல் நாளாக நாளாகக் கறுத்து வழுவழு என்று ஆகும். அது தேய்மானம் இல்லை, இரும்புத் தூள் அடைப்பு. பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டு நைலான் நாரால் தேய்த்துக் கழுவினால் பழையபடி ஆகிவிடும்.

அரிவாள்மனை, கத்தரிக்கோல், கதிர் அரிவாள்

அரிவாள்மனையில் கத்தி அசையாது, கல்தான் அசைய வேண்டும். வாய் நம்மைப் பார்க்காதபடி முதுகுப் பக்கம் உட்கார்ந்து, பலகையைக் காலால் நன்றாக மிதித்துக்கொள்ளுங்கள். உள்பக்கமாக வளைந்த வாயில் அகலக் கல் படியாது. குச்சி மாதிரியான செராமிக் கல்லோ, கல்லின் குறுகிய ஓரமோதான் படியும். விரல் கல்லின் விளிம்பைத் தாண்டி நீளக்கூடாது. சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே மேலே போங்கள். தேங்காய் துருவுகிற பல்லில் கல்லைப் போடாதீர்கள். இரும்பு அரிவாள்மனை என்றால் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள், துரு பிடிக்காது.

தையல் குழுச் சகோதரிகளுக்கு ஒன்று. கத்தரிக்கோலில் சரிவாக இருக்கிற வெளி ஓரத்தை மட்டும் தீட்டலாம். இரண்டு அலகும் ஒன்றோடொன்று உரசுகிற உள்பக்கத்தைத் தொட்டால் கத்தரி கெட்டுவிடும். பல் வைத்த கதிர் அரிவாளுக்குத் தட்டைக் கல் ஒத்துவராது. அதைப் பட்டறைக்கே கொண்டுபோங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வெட்டுப்பட்டால், காப்பித் தூளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். பத்து நிமிடத்தில் ரத்தம் நிற்காவிட்டாலும், வெட்டு ஆழமாக இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி வேண்டுமா என்றும் கேளுங்கள்.

கடைசியாக, அந்தத் தீர்மானப் புத்தகத்துக்கு வருகிறோம். கத்திகளைச் சோதித்த மறுவாரமே அந்தப் பக்கத்தைத் திறந்தோம். அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. அதற்கு அடுத்த பக்கத்தில் எழுதினோம்: "முந்தைய தீர்மானம் தவறு. கத்திகள் தீட்டப்படாததால் காயம் ஏற்பட்டது. பொறுப்பு குழு முழுவதையும் சேரும்." அந்த இரண்டு வாரப் பங்கையும் பொதுப் பணத்தில் இருந்து அக்காவுக்குக் கொடுத்தோம். தோடு திரும்பி வந்தது. இப்போது ஒவ்வொரு வேலைக்கும் முதல் நாள், முறை வைத்து ஒருவர் எல்லாக் கத்தியையும் தாளில் வெட்டிப் பார்த்து, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். அந்த நோட்டில் முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது.

சகோதரிகளே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுத்து உங்கள் கத்தியைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் குழுவில் யாருக்காவது கையில் வெட்டுப்பட்டால், "பார்த்து வேலை செய்யக் கூடாதா" என்று கேட்பதற்கு முன்னால் அந்தக் கத்தியைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

கல்லும் கத்தியும் கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் இந்தத் திண்ணையில் உட்கார்ந்து செய்து காட்டுகிறோம்.