எரிமலையை வலம் வந்தோம்



நியூசிலாந்து நாட்டின் வடதீவிலே ருவாபெஹு என்றோர் எரிமலை உண்டு. உயரம் 2,797 மீட்டர். உச்சியில், எரிவாய்க்குள்ளேயே ஓர் ஏரி. மலையைச் சுற்றி ஏறத்தாழ 66 கிலோமீட்டர் நீளமான நடைபாதை செல்கிறது. அந்நாட்டில் பணிபுரியும் என் மகனோடு அதனை ஐந்து நாளில் வலமாகச் சுற்றி வந்தேன். கிரிவலம் வந்து பழகிய கால்கள் என்ற செருக்கு எனக்கு.

அங்கே வானிலை நாழிகைக்கொரு குணம் காட்டும். இரண்டாம் நாட் காலை வானம் தெளிந்திருந்தது. பிற்பகல் காற்றும் மழையும் வலுக்கும் என்று மலைக்குடிலில் எழுதி வைத்திருந்தார்கள். "கண்ணெதிரே தெரியும் வானத்தைவிட இந்தத் தாள் பெரிதா?" என்று மகனை விரைவுபடுத்தினேன்.

கிழக்குச் சரிவு மணலும் கல்லுமான பொட்டல். நண்பகலில் மூடுபனி இறங்கிற்று, பின்னாலேயே சாய்மழை. வழிகாட்டும் கம்பங்கள் மறைந்தன. வாங்கயெஹு ஆற்றை நெருங்குகையில் ஒரு பாறை மறைவு கிடைத்தது. மழை ஓயட்டும் என்று உட்கார்ந்தேன்.

"அப்பா, எழுந்திருங்கள். இங்கே தங்கக் கூடாது. பலகையைப் பார்க்கவில்லையா?"

முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னவன் நான்!

அப்பலகைக்குக் காரணம் உண்டு. 1945ஆம் ஆண்டின் வெடிப்பு, ஏரியின் விளிம்பில் சாம்பலைக் கரைபோலக் குவித்துவிட்டது. அதன் பின்னே நீர் ஏறிக்கொண்டே வந்தது. 1953 டிசம்பர் 24 இரவு கரை உடைந்தது. அன்று மலை வெடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நீரும் மணலும் பாறையுமாகக் கலந்த சேற்றுவெள்ளம் இதே ஆற்றின் வழியே பாய்ந்து, டாங்கிவாய் என்னுமிடத்தில் இரயில் பாலத்தைச் சிதைத்தது. சில நிமிடங்களில் வெலிங்டனிலிருந்து ஆக்லாந்து செல்லும் விரைவு வண்டி வந்தது. 285 பேரில் 151 பேர் மாண்டனர். 2007 மார்ச் 18 அன்று அத்தகைய கரை மீண்டும் உடைந்தது. இம்முறை கருவிகள் முன்னறிவித்தமையால் சாலையும் இருப்புப்பாதையும் அடைக்கப்பட்டன, ஓருயிரும் போகவில்லை.

எழுந்தேன். முழங்கால் நோவை மறந்து, நடைபாலத்தைக் கடந்து, எதிர்க்கரை மேட்டில் ஏறும்வரை நாங்கள் நிற்கவில்லை, பேசவுமில்லை. ஆற்றின் இரைச்சல் மழையினுடையதா, வேறெதனுடையதா என்று காது மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது.

மறுநாட் காலை சிகரம் புதுப்பனி போர்த்து வெயிலில் நின்றது. வானத்தில் ஒரு மேகமில்லை. எப்போது புறப்படலாம் என்று மகனைக் கேட்டேன்.