எஸ்டீமா, சிட்டியா? பின் சீட்டில் உட்காருபவரைக் கேளுங்க

பதினைந்து வருஷம் தாண்டின செடானை நம்பி வீட்டுல வெச்சுக்கலாமா? நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எங்க வீட்டுல நடந்ததையே சொல்றேன்.

அப்பாகிட்ட 2005 மாருதி எஸ்டீம். மாமா வெளிநாடு கிளம்பும்போது, தன்னோட 2006 ஹோண்டா சிட்டியை எங்களுக்கே தர்றேன்னார். ஆனா அபார்ட்மென்ட்டில் ஒரே ஒரு பார்க்கிங்தான். ஏதோ ஒரு வண்டி போயாகணும்.

நான் சும்மா இருப்பேனா? ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். எஸ்டீம் 1.3 லிட்டர், 85 குதிரைத்திறன். சிட்டியோட ஐ-டிஎஸ்ஐ எஞ்சின் 1.5 லிட்டர், ஆனா 77தான். காரணம், அது வேகத்துக்காக இல்லை, மைலேஜுக்காகச் செய்த எஞ்சின். சிலிண்டருக்கு ரெண்டு ஸ்பார்க் பிளக். மாத்தும்போது எட்டு வாங்கணும். எஸ்டீமுக்கு நாலு போதும். எஸ்டீம் எடையும் குறைவு, அதனால ஓட்டும்போது துள்ளும். ஆனா அதில் டைமிங் பெல்ட். நேரத்துக்கு மாத்தலைன்னா, அறுந்து நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். சிட்டியில் செயின், அந்தப் பயம் இல்லை. ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை ரெண்டுக்கும் பொது.

கூட்டிப் பார்த்தா எஸ்டீம் ஜெயிச்சுது. அப்பா முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அப்போ அம்மா கேட்டாங்க: "நான் ஏறி இறங்குறது உன் லிஸ்ட்ல எங்கடா இருக்கு?"

இல்லை. அந்த வரியே இல்லை. அம்மாவுக்கு மூட்டு வலி. எஸ்டீம் தாழ்வான வண்டி. சீட்டிலிருந்து எழ யாராவது கை கொடுக்கணும். கொஞ்ச நாளா "நீங்க போயிட்டு வாங்க, நான் வரலை"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. அலுப்புன்னு நினைச்சேன். சிட்டி உயரமா கட்டின செடான், சீட்டும் உயரம். கீழே போய் உட்கார வெச்சுப் பார்த்தோம். யார் கையும் பிடிக்காம இறங்கினாங்க.

அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "மெக்கானிக்கை வரச் சொல்லு, சிட்டியை ஒருதடவை முழுசா பார்த்துடட்டும்"னார். அவ்வளவுதான், முடிவாயிடுச்சு.

பழைய கார் பார்க்கப் போறீங்களா? பெல்ட், பிளக், ஆர்.சி. எல்லாம் கேளுங்க. கூடவே, பின் சீட்டில் உட்காரப் போறவங்களையும் கூட்டிட்டுப் போங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.