அறிமுக உரையில் யார் விடுபட்டுப் போகிறார்கள்?

(மாணவர் வாசகர் வட்டத் தன்னார்வலர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதக் கருத்தரங்கில் இரண்டு பேர் சிறப்புரை ஆற்ற வருகிறார்கள். ஒருவர் ஆட்சிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் மாரத்தான் ஓட்டக்காரர். அவர்களுக்கான அறிமுக உரையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நீங்கள் எழுதிய வரைவுகளைப் படித்தேன். அதிகாரிக்கு "எளிமையின் சிகரம்" என்றும், ஓட்டக்காரருக்கு "வறுமையை வென்ற வீராங்கனை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயரை மட்டும் மாற்றினால் தமிழ்நாட்டின் எந்த மேடையிலும் இவற்றை வாசித்துவிடலாம்.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். மாலாவத் பூர்ணாவை உங்களில் பலருக்குத் தெரியும். 2014 மே 25 அன்று, 14 வயது நிரம்பச் சில வாரங்கள் இருக்கும்போதே எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவர். நிஜாமாபாத் மாவட்டத்துப் பாகாலா கிராமத்தின் பழங்குடிக் குடும்பத்துப் பெண். பெற்றோர் விவசாயக் கூலிகள். அவரை அழைக்கும் மேடைகளில் என்ன சொல்வார்கள்? ஏழைப் பெண், மன உறுதி, 8,848 மீட்டர், கைதட்டுங்கள். தவறாக எதுவும் சொல்லவில்லைதான். ஆனால் கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்குப் பனிமலை ஏறும் காலணி எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

பூர்ணா சமூகநல உண்டு உறைவிடப் பள்ளி மாணவி. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்காக அரசு நடத்திய பள்ளிகள் அவை. 2012இல் அந்தப் பள்ளிகளின் செயலாளர் பொறுப்புக்கு வந்தவர் ஆர்.எஸ். பிரவீன்குமார். தலித் சமூகத்தில் பிறந்த ஐ.பி.எஸ். அதிகாரி. மலையேற்றத்தைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தது அவர் காலத்தில்தான். புவனகிரிப் பாறையில் தொடங்கி டார்ஜிலிங், லடாக் என்று பயிற்சி நடந்தது. கட்டம் கட்டமாகத் தேர்வு செய்து கடைசியில் இரண்டு பேரை அனுப்பினார்கள்.

ஆம், இரண்டு பேர். கம்மம் மாவட்டத்துத் தலித் மாணவர் ஆனந்த்குமாரும் அதே நாளில் அதே உச்சியில் நின்றார். சாதனைக்கு வயதுக் கணக்குப் பார்த்ததில் அவர் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. இருவரையும் கூட்டிக்கொண்டு ஏறிய ஷெர்பாக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இன்னும் பின்னால் போனால் எஸ்.ஆர். சங்கரன் வருகிறார். தமிழ்நாட்டில் பிறந்து ஆந்திரத்தில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1980களில் இந்தப் பள்ளிகள் உருவாக முதன்மைக் காரணமாக இருந்தவர். கொத்தடிமைகளை விடுவிக்கும் வேலையை அரசாங்கத்துக்குள் இருந்தே செய்தவர். ஓய்வுக்குப் பிறகு கையால் மலம் அள்ளும் முறைக்கு எதிராக சஃபாய் கர்மசாரி ஆந்தோலனோடு நின்றவர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பத்மபூஷணை மறுத்ததை முதலில் சொல்வார்கள். எளியவர், உயர்ந்தவர் என்று முடித்துவிடுவார்கள். பண்ணையாரோடு மோதாமல் ஒரு கொத்தடிமையையாவது விடுவிக்க முடியுமா? எளிமை என்ற சொல்லுக்குள் அந்த மோதலெல்லாம் காணாமல் போய்விடுகிறது.

அந்தப் பிள்ளைகள் உச்சிக்கு அம்பேத்கர் படத்தையும் சங்கரன் படத்தையும் கொண்டுபோனார்கள். தங்களை எப்படி அறிமுகப்படுத்த வேண்டும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று நினைக்கலாம். நம் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளைகள் கணிசம். "மன உறுதி இருந்தால் எதுவும் முடியும்" என்று மேடையில் சொன்னால், ஓடுவதற்குக் காலணியும் காலையில் ஒரு முட்டையும் இல்லாத பிள்ளை தன்னிடம் உறுதி போதவில்லை என்று நினைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பும். "அரசுப் பள்ளி ஒன்று பயிற்சியாளரை அமர்த்தியது, பணம் ஒதுக்கியது" என்று சொன்னால் அதே பிள்ளைக்கு, எங்கள் விடுதிக்கு ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி வரட்டும் என்பதற்காகத்தானே கூட்டமே போடுகிறோம்.

அதற்காக அதிகாரியை மீட்பராக்கிவிடவும் கூடாது. நேபாளப் பக்கம் ஏறுவதற்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். பூர்ணா திபெத் பக்கமாகத்தான் ஏறினார். 13 வயதுப் பிள்ளையை அந்த ஆபத்துக்கு அனுப்பலாமா என்பது நியாயமான கேள்வி. நான் இன்னும் அதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதிகாரிகளிடம் இப்படியான கேள்விகளைக் கேட்க அறிமுக உரை இடம் விட்டுவைக்க வேண்டும். பாராட்டி மூச்சடைக்க வைத்துவிட்டால் கேள்வி நேரத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சாதியைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு தோழர் கேட்டிருந்தார். அதை நாம் முடிவு செய்ய முடியாது, விருந்தினரிடம் கேளுங்கள். சொல்லுங்கள் என்றால் "வறுமை" என்று பூசி மெழுகாமல் நேராகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் ஜாடையாகவும் சொல்லாதீர்கள், "அடித்தட்டில் இருந்து வந்தவர்" என்பதும் ஜாடைதான்.

இந்த வாரமே இருவருக்கும் தொலைபேசியில் பேசிவிடுங்கள். அந்த அதிகாரியிடம், எந்தக் கோப்புக்காக அவர் இடமாற்றம் செய்யப்பட்டார் என்று கேளுங்கள். ஓட்டக்காரரிடம், முதல் காலணியை யார் வாங்கிக் கொடுத்தார்கள், எந்த மைதானத்தில் ஓடினார், அங்கே ஓடக்கூடாது என்று சொன்னவர்கள் உண்டா என்று கேளுங்கள். பதிலை அப்படியே எழுதுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.