உறையூர்ச் சில்லும் யவனர் கலமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காவிரிக்கு வடக்கே திருவரங்கம், தெற்கே உறையூர். மதுரை நோக்கி நடந்த கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகளையும் அரங்கத்திலிருந்து ஓடத்தில் ஏற்றித் தென்கரை சேர்த்து, உறையூருக்குள் புகவிட்டவர் இளங்கோவடிகள். பங்குனித் திருநாளில் நம்பெருமாள் எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்பதும் அதே உறையூரில்தான். காப்பியத்திலும் வழிபாட்டிலும் இத்துணை உயிரோடு விளங்கும் அவ்வூரின் சங்ககால மாடம் ஒன்றேனும் இன்று தரைமேல் இல்லை. மண்மாரி பெய்து ஊரை மூடிற்று என்பது செவிவழிக் கதை. வெக்காளியம்மன் கூரையின்றி வெட்டவெளியில் வீற்றிருப்பதற்கும் மக்கள் அக்கதையையே காரணமாகக் கூறுவர். கதை எதுவாயினும், பழைய உறையூர் மண்ணுக்கடியில் இருக்கிறது என்பது மட்டும் மெய்.

மண் மூடியதை மண்வெட்டிதான் திறக்க வேண்டும். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையினர் உறையூரில் அகழாய்வு நடத்தினர். அதன் அறிக்கையைக் கே. வி. இராமன் எழுத, பல்கலைக்கழகம் 1988ஆம் ஆண்டில் வெளியிட்டது. சோழர் அரண்மனை எதுவும் அங்கே வெளிப்படவில்லை. வெளிப்பட்டவை பெரும்பாலும் பானை ஓடுகள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கலங்கள், செம்பூச்சின்மேல் கோடுகள் தீட்டிய கலங்கள், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஆகியவை ஒருபுறம். ரௌலட்டட் என்றும் அரிட்டைன் என்றும் அறிஞர் பெயரிட்டழைக்கும் நயமான சில்லுகள் மறுபுறம். இவ்விருபுறத்துள் எப்புறத்தைப் புலவருலகம் கண்ணெடுத்துப் பார்த்தது, எப்புறத்தைப் பாராது விட்டது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் அரிட்டைனைக் காண்போம். இத்தாலியில் அரெத்சோ என்னும் ஊரில், கிறித்து பிறப்பதற்குச் சற்று முன்னும் பின்னும் பேரளவில் வனையப்பெற்ற செந்நிற மேசைக்கலங்கள் இவை. குழைத்த மண்ணை, உட்புறம் கோலம் செதுக்கிய அச்சில் அழுத்தி எடுப்பர். அதனால் கலத்தின் வெளிப்புறத்தில் பூங்கொடியும் மனித உருவும் புடைப்பாக எழும். அச்சிலிடாத கலங்களும் உண்டு. அவற்றின் நடுவில் பட்டறை உரிமையாளரின் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கும். இக்கலைக்குத் தாய் கிரேக்கம். நுண்ணிய களிமண் குழம்பைப் பூசிச் சூளையில் பளபளப்பாக்கும் நுட்பத்தை உரோமருக்கு முன்பே ஏதென்சுக் குயவர் முழுமையாக்கியிருந்தனர்.

அவர்தம் கறுப்பு-சிவப்புக் கலங்களில் கறுப்பு வண்ணம் எதுவும் தனியே தீட்டப்படுவதில்லை. இரும்புச் சத்துள்ள களிமண் குழம்பையே பூசுவர். சூளையில் காற்றை அடைத்தால் பூச்சும் உடலும் கருக்கும். மீண்டும் காற்றை விட்டால் உடல் சிவக்கும், உருகி இறுகிய பூச்சு மட்டும் கறுப்பாகவே நின்றுவிடும். தமிழ்நாட்டுக் கறுப்பு-சிவப்புக் கலத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடுகையில், காற்றுப் புகாத உட்புறமும் வாய்விளிம்பும் கருக்கும். காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். ஒருவர் வீரரையும் தெய்வங்களையும் வரைய அந்நுட்பத்தைக் கொண்டார்; மற்றவர் சோறுண்ணும் கலத்திற்குக் கொண்டார். தீயும் காற்றும் மண்ணை என்ன செய்யும் என்னும் அறிவு இருவரிடத்தும் இருந்தது.

அரிட்டைன் கலம் தமிழகத்தில் முதன்முதலாக அடையாளம் காணப்பெற்றது புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில். 1944ஆம் ஆண்டில் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த மார்ட்டிமர் வீலர், அரிக்கமேட்டிலிருந்து வந்திருந்த ஆம்போரா என்னும் இருகாதுச் சாடியின் துண்டைக் கண்டார். அடுத்த ஆண்டே அங்கு அகழ்ந்தார். கமுரி, இட்டா முதலிய இத்தாலியப் பட்டறைப் பெயர்கள் பதிந்த சில்லுகள் கிடைத்தன. அந்தப் பட்டறைகளின் காலம் முன்பே தெரிந்திருந்தமையால், அதே மண்ணடுக்கில் கிடைத்த உள்ளூர்க் கலங்களுக்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஆண்டுக்கணக்கு வகுக்க உதவியது ஓர் உடைந்த தட்டு. கிரேக்கத் தீவாகிய கோசு நாட்டுச் சாடிகளும் அரிக்கமேட்டிற்கு வந்திருந்ததைப் பின்னர் எலிசபெத் லைடிங் வில் ஆராய்ந்து காட்டினார்.

யவனர் என்னும் சொல்லும் கிரேக்கத்தின் அயோனியாவிலிருந்து கிளைத்தது. பின் மேற்றிசையோர் அனைவரையும் குறித்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'எரித்திரைக் கடல் செலவு' உள்நாட்டு ஊரான அர்காருவையும், அங்கிருந்து சென்ற மெல்லிய துணியையும் குறிப்பிடுகிறது. அர்காரு உறையூரே என்பது அறிஞர் பலர் கொள்கை. அகழாய்வில் உறையூரில் வெளிப்பட்ட செங்கல் தொட்டி சாயத்தொட்டியாகக் கருதப்படுகிறது. கைத்தறிச் சேலைக்கு உறையூர் பெற்ற பெயர் நேற்று வந்ததன்று.

இனி, புலவருலகம் இச்செய்திகளை எவ்வாறு கையாண்டது என்பதை நோக்குவோம். அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் யவனர் மரக்கலத்தைப் பாடினார். புறநானூற்றில் நக்கீரர் யவனர் கொணர்ந்த தேறலைப் பாடினார். நெடுநல்வாடை யவனர் செய்த பாவை விளக்கைக் காட்டுகிறது. இப்பாடல்கள் வெறுங் கற்பனை என்று ஐயுற்றோர் முன், அரிக்கமேட்டுச் சில்லு பெரும் சான்றாக வந்து நின்றது. அன்றுதொட்டுக் கவியரங்க மேடைகளில் யவனர் சில்லு ஒரு விருதாயிற்று. கிரேக்கமும் உரோமும் தமிழனின் வாயிலில் காத்து நின்றன என்னும் பெருமிதம் அதிலிருந்து எழுந்தது. பெருமிதத்தில் தவறில்லை. ஆயின் அது எதன்மேல் நிற்கிறது என்பதை ஆராயாமல் விடுவது தவறு.

ரௌலட்டட் கலத்தின் வரலாறு இதற்கு நல்ல பாடம். சாம்பல் நிறத்து மெல்லிய தட்டு, உள்வளைந்த விளிம்பு, கண்ணாடி போல வழவழப்பு. உட்புறத்தின் நடுவில் வட்டம் வட்டமாகச் சிறு சிறு பதிவுகள் கோலப் புள்ளிகள்போல் ஓடும். இதன் நயத்தைக் கண்ட வீலர் இது யவனர் நாட்டிலிருந்து வந்தது என்றே கருதினார். பல்லாண்டுகள் நூல்களும் அவ்வாறே எழுதின. தட்டு கிடைத்த ஊரெல்லாம் யவனர் வந்து தங்கிய ஊராயிற்று. உறையூரும் அவ்வாறே எண்ணப்பட்டது. பின்னர் அரிக்கமேட்டை மீண்டும் ஆராய்ந்த விமலா பெக்லி, கோல நுட்பம் எங்கிருந்து வந்திருப்பினும் கலம் இந்தியக் குயவர் கைவண்ணமே என்று வாதிட்டார். 1997ஆம் ஆண்டில் வி. டி. கோக்டே அதன் களிமண்ணை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்து, மண் வங்கத்தின் சந்திரகேதுகர்-தாம்லுக் வட்டாரத்தது என்றார். இலங்கையின் அநுராதபுரத்திலும், இந்தோனேசியாவின் பாலித் தீவிலும், எகிப்தின் பெரனிகேயிலும் அதே தட்டின் சில்லுகள் கிடைத்துள்ளன.

யவனர் தட்டு என்று கொண்டாடப்பட்டது கங்கைக் கழிமுகத்துக் குயவர் தட்டாயிற்று. இச்செய்தி அறிந்ததும் அதன் மதிப்புக் குறைந்ததாக ஒருவர் உள்ளத்தில் தோன்றுமாயின், அந்த உள்ளம் ஆராயத்தக்கது. தட்டு மாறவில்லை, அதே மென்மை, அதே வழவழப்பு, அதே வட்டக் கோலம். மாறியது செய்தவர் பெயர் மட்டுமே. மேற்றிசையோன் செய்தபோது வியப்பாக இருந்தது, கீழ்த்திசையோன் செய்தது எனத் தெரிந்ததும் வெறும் ஓடாவது ஏன்? யவனர் சில்லைக் கொண்டு தமிழின் தொன்மையை அளக்கும் வழக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் தாழ்வுணர்ச்சி இவ்விடத்தில் வெளிப்படுகிறது. பழைய உறையூர் பிறர் கலம் வாங்கியதனால் மட்டும் பெருமையுற்ற ஊரன்று.

உறையூரை ஆண்ட சோழரைப் பாடிய புலவர்கள் உவமை தேடி எங்குச் சென்றனர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கோவூர் கிழார் நலங்கிள்ளியைப் பாடுகையில், குயவர் வீட்டுச் சிறுவர் சக்கரத்தில் வைத்த பச்சைமண் அவர் நினைத்த வடிவெல்லாம் கொள்ளுமாறுபோல, இந்நாடு அவன் நினைத்தபடி ஆகும் என்றார். கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் அழுதது அரசவை நோக்கி அன்று; தாழி வனையும் குயவனை நோக்கி. அத்துணைப் பெரிய மன்னனைக் கவிக்கத் தாழி வனைய வேண்டுமாயின் நிலமே சக்கரமாகவும் மேருவே மண்திரளாகவும் வேண்டுமே, உன்னால் இயலுமா என்று கேட்டார். அங்குக் குயவனை விளிக்க அவர் ஆண்ட சொல் 'கோ' என்பது. மன்னனுக்குரிய சொல்லும் அதுவே. இறந்த கோவுக்கு இருக்கும் கோ இடம் சமைக்க வேண்டும்.

வெண்ணிக் குயத்தியார் இன்னும் ஒருபடி மேலே நிற்கிறார். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் ஆற்றலைப் பாராட்டத் தொடங்கி, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த தோற்ற சேரன் உன்னினும் நல்லன் அல்லனோ என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். இவ்வளவு அஞ்சாமையோடு வென்றவனை நோக்கிப் பேசிய கவிஞர் குயவர் குடிப்பெண் என்பது அவர் பெயராலேயே விளங்கும். யவனரைப் பற்றிய பாடல்களை மேற்கோள் காட்டிய அளவுக்கு இம்மூன்று பாடல்களும் அகழாய்வு மேடைகளில் மேற்கோள் காட்டப்படவில்லை. பானை ஓட்டைப் பேசும் இடத்தில் குயவரைப் பற்றிய பாடல்களுக்கன்றோ முதலிடம்?

பானை ஓட்டில் பொறித்த எழுத்துக்கும் இது பொருந்தும். உறையூரிலும் கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த ஓடுகளில் கீறப்பட்டிருப்பவற்றுள் பல தனி மனிதரின் பெயர்கள். கல்வெட்டு அரசர்க்கும் துறவியர்க்கும் கொடை தந்தோர்க்கும் உரியதாக இருந்த காலத்தில், கலத்துக்கு உரியவர் அதன் தோளில் தம் பெயரைக் கீறிக்கொண்டனர். அந்தப் பழக்கம் கடலையும் கடந்தது. எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசைர் அல்-காதிமில் கண்ணன், சாதன் என்னும் பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்தன. அங்கேயே கிடைத்த மற்றொரு சாடித் துண்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதை 2007ஆம் ஆண்டில் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். உறி என்பதே அச்சொல். வீட்டு மோட்டிலிருந்து தொங்கும் உறி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் செங்கடல் வரை சென்றிருக்கிறது. இங்கு வந்த கமுரியின் முத்திரையும், அங்குச் சென்ற கண்ணனின் கீறலும் ஒரே வணிகத்தின் இரு முகங்கள். ஒன்றை அறிந்த அளவுக்கு மற்றதையும் தமிழ்க் கவிஞர் அறிந்திருத்தல் வேண்டும்.

சங்கத் தொகைகளில் உறையூர்ப் புலவர் பலர் உளர். உறையூர் இளம்பொன் வாணிகனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் எனப் பெயர் சொல்லும்போதே ஊரும் தொழிலும் சேரியும் உடன்வருகின்றன. பொன் விற்றவரும் நோய் தீர்த்தவரும் பாடிய ஊர் அது. அவர்கள் உண்ட கலத்தின் துண்டுகளே அகழாய்வுக் குழியில் எண்ணிறந்தனவாகக் கிடைக்கின்றன. அரிட்டைன் தட்டு அவர்களுள் யார் வீட்டில் இருந்தது என்று சொல்ல எவராலும் இயலாது. கறுப்பு-சிவப்புக் கலம் எல்லார் வீட்டிலும் இருந்தது.

இதனால் யவனர் சில்லைத் தூக்கி எறிய வேண்டும் என்பது கருத்தன்று. அது காலம் காட்டும்; கடல்வழி காட்டும்; தாயங்கண்ணனாரின் மரக்கலம் மெய்யான மரக்கலம் என்று உறுதி சொல்லும். அதற்குமேல் அதனிடம் கேட்பது முறையன்று. பாட்டின் உண்மைக்குப் பானை ஓடு சான்றிதழ் தர வேண்டியதில்லை. ஐயூர் முடவனாரின் துயரம் மெய்யா என்பதை எந்தத் தாழியைத் தோண்டியெடுத்தும் நிறுவ இயலாது. படிப்பவர் நெஞ்சுதான் அதற்கு இடம். அவ்வாறே, பாட்டில் வாராதவரின் வாழ்வை ஓடு சொல்லும்போது பாட்டைக் காட்டி அதன் வாயை அடைப்பதும் முறையன்று. சாயத்தொட்டியில் கையூன்றி நின்றவரின் பெயர் எந்தத் தொகையிலும் இல்லை. தொட்டி இருக்கிறது.

இன்றைய உறையூர் வீடுகள் நெருங்கிய மாநகரப் பகுதி. கடைக்கால் தோண்டும்போதும் குழாய் பதிக்கும்போதும் பழைய ஓடுகள் மேலே வரக்கூடும். அவற்றில் கோலமிட்ட பளபளப்பான துண்டு ஒன்று இருந்தால் குனிந்து எடுப்பவர் இருப்பர்; கருத்த துண்டை எடுப்பவர் அரியர். அதன் தோளில் ஒரு பெயர் கீறியிருக்கலாம். எடுத்தவர் அதைத் துடைத்துப் பார்த்து, கிடைத்த இடத்தையும் குறித்துத் தொல்லியல் துறையிடம் சேர்ப்பாராயின், அச்செயல் ஒரு பாட்டு எழுதியதற்கு ஒப்பாகும்.

திருவரங்கத்து மடைப்பள்ளியில் மண்பானையில் தளிகை செய்து பெருமாளுக்குப் படைக்கும் மரபு உண்டு. மாட வீதியில் பொன்னும் வெள்ளியும் பவனி வரலாம். அமுது வெந்தது மண்ணில். அப்பானையை வனைந்த கையும், உறையூரில் அன்று கறுப்பு-சிவப்புக் கலம் வனைந்த கையும் ஒரே தொழிலின் கைகள். பத்தாண்டுகளாகச் சொல்லை வனைந்துவரும் இவ்வட்டத்தார் அத்தொழிலுக்கு அயலார் அல்லர். வெண்ணிக் குயத்தியார் இவர்களுக்கு மூத்தவர். அவருடைய அஞ்சாமையும் மண்ணறிவும் இவர்கள் பாட்டிலும் தொடர்க.