ஆட்டத்திலும் பாட்டிலும் கணக்கு

(தேவாலாவில் ஊராட்சி உறுப்பினர்களும் சிறு தேயிலை விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கணக்கு என்றதும் நம்மில் பலர்க்குப் பள்ளிக்கூடத்துப் பிரம்புதான் நினைவுக்கு வருகிறது. ஆயினும் பச்சைத் தேயிலையை எடைபோட்டு விற்கும் நாம் கணக்கை விட்டு விலகி வாழ இயலாது. எடைச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம், சரிபார்ப்பவர் சிலரே. படித்தவர் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிடுவது பணிவு அன்று, நமக்கு நட்டம்.

இந்தக் கூச்சத்தைப் போக்க ஆட்டமும் பாட்டும் பெரிதும் உதவும் என்று கருதுகிறோம். இது புதுமையன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பிள்ளைகள் ஒரே குரலில் ஓதியே மனத்தில் பதித்தனர். காரி நாயனார் தம் கணக்கதிகாரத்தைச் செய்யுளாகவே இயற்றினார். மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று எண்ணியே நம் தாளக்காரர்கள் ஜாதி வகுத்தனர். கணக்கும் கலையும் நம்மிடையே ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தவையே.

அண்மைக் காலத்தில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1980-இல் கலைக்குழுக்களை ஊர் ஊராக அனுப்பி அறிவியலைப் பரப்பியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தை மறத்தல் இயலாது. மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் ஊக்கமளித்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் துணை நின்றனர். வீதி நாடகமும் பாட்டும் கேட்டு வந்த பெண்கள் எழுத்தும் எண்ணும் கற்றனர். மிதிவண்டி ஓட்டவும் பழகினர். கூலிக்குக் கல் உடைத்தவர்களின் குழுக்களுக்கே கல்குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைக்காரர் ஆனபின் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தையும் கலைக்குழுக்களே ஊர்தோறும் ஆடிப் பாடி அறிவித்தன.

ஆனால் ஒரு குறையையும் சொல்லவேண்டும். பெரும்பாலான நாடகங்கள் 'கற்க வாருங்கள்' என்று அழைப்பதோடு நின்றுவிடுகின்றன. நாம் வேண்டுவது கணக்கையே மேடையில் ஏற்றுவது.

மழை மிகுந்த நம் தேவாலாப் பகுதியில் ஈர இலைக்கு எடை கழிப்பது உண்டு. கழிப்பது தவறன்று, எவ்வளவு கழிந்தது என்று அறியாதிருப்பதே தவறு. இதனை ஒரு கோலாட்டமாக ஒத்திகை பார்த்தோம். பத்துப் பெண்கள், இருபது கோல்கள். விற்கும் இலை 48 கிலோ என்றால் ஒருவர் பங்கு 4 கிலோ 800 கிராம். நூற்றுக்குப் பத்து கழித்தால் ஒருவர் வட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். பதினைந்து கழித்தால்? 'ஒன்றரை ஆளை எப்படி அனுப்புவது?' என்று கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஓர் அம்மையார் முன்வந்து, ஒருவரை வெளியே நிறுத்தி, தம் கோல்களில் ஒன்றை மட்டும் தரையில் வைத்து, 'இதோ அரை' என்றார். அதன்பின் எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோல் ஒன்றுக்கு நூற்றுக்கு ஐந்து. மூன்று கோலுக்கு 7 கிலோ 200 கிராம். கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 144 ரூபாய். பத்துக்கும் பதினைந்துக்கும் உள்ள வேறுபாடு 48 ரூபாய் என்பதை முதலில் சொன்னவர், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி!

பணியர், முள்ளுக்குறும்பர் ஆகியோரின் ஆட்டங்களும் நம்மிடையே உள்ளன. அவற்றை நாமாக எடுத்து மேடையேற்றலாகாது; அவர்கள் விரும்பி முன்வந்தால், அவர்கள் மொழியிலேயே கணக்கு அமையட்டும்.

ஊராட்சியின் வரவு செலவையும் இவ்வாறு காட்டலாம். அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபையில் அறிக்கை வாசிக்கும்போது பலர் எழுந்து செல்வதை நாம் அறிவோம். வாசிப்பதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கி, நூறு ரூபாயில் குடிநீருக்கு எத்தனை, தெருவிளக்கிற்கு எத்தனை என்று கோல்களால் ஆடிக் காட்டுங்கள். பார்ப்போரையும் கேள்வி கேட்க விடுங்கள். கேள்விக்கு விடை தெரியாவிடில் ஊராட்சிச் செயலர் பதிவேட்டைக் கொணர்ந்து அங்கேயே பார்க்கட்டும். ஆடுவோர்க்குப் பயிற்சியளிக்க விரும்பும் ஊராட்சிகள் தம் பகுதியில் கோலாட்டம் அறிந்த இருவரின் பெயரையும், மாலை வேளையில் கூட வசதியான இடத்தையும் நம் அலுவலகத்திற்கு எழுதித் தெரிவிக்க வேண்டுகிறோம். தராசு ஒன்றை நாமே கொண்டு வருகிறோம். எடைச் சீட்டுகளை நீங்கள் கொண்டு வாருங்கள்.